டூம் ரைடர் பழசு, நடுசு, புதுசு: குதிக்கறது நானா லாராவா?

முதல்லயே சொல்லிடறேன், இது ஒரே ஒரு கேமுக்கான ரிவ்யூ இல்ல. டூம் ரைடர்னா, லாராங்கற பொண்ணு பழைய கல்லறை, குகைன்னு தாவி ஏறிப் புதையல் தேடற கம்ப்யூட்டர் கேம் வரிசை. 1996ல வந்த முதல் டூம் ரைடர்ல ஆரம்பிச்சு 2018ல வந்த ஷேடோ ஆஃப் த டூம் ரைடர் வரைக்கும், நடுவுல ஒண்ணு ரெண்டு விட்டுப்போனது போக மத்ததை எல்லாம் ஆடிப் பார்த்துட்டு, கதை எப்படி கிராபிக்ஸ் எப்படிங்கறதை ஓரமா வெச்சுட்டு, கையில பிடிச்சா எப்படி இருக்குங்கறதை மட்டும் எழுதறேன். கதையைப் பத்தி எழுத ஆயிரம் பேர் இருக்காங்க, எந்த விரல் எந்த பட்டன்ல இருக்கணும்னு எழுதத்தான் ஆளில்ல.

இதுக்குக் காரணம் ஏற்காடு மழை. மே மாசம் சேலத்துல வெயில் மண்டையைப் பிளக்குதேன்னு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி நாகலூர் பக்கம் இருக்கற அக்கா வீட்டுக்குப் போனேன், போன அன்னிக்கு சாயங்காலமே மழை பிடிச்சுக்கிச்சு, நாலு நாள் விட்டு விட்டு பேஞ்சுக்கிட்டே இருந்துச்சு. வெளிய காலெடுத்து வைக்க முடியல, போன்ல சிக்னல் ஒரு கோடு வரும் போகும். அக்கா பையன் ஏழாவது முடிச்சிருக்கான், என் லேப்டாப்பை பார்த்ததும் "மாமா இதுல என்ன கேம் இருக்கு"ன்னு ஒட்டிக்கிட்டான். நெட் இல்லாம ஆடற மாதிரி நான் இறக்கி வெச்சிருந்தது இந்த வரிசை மட்டும்தான், சரி வாடா உக்காருன்னு ஆரம்பிச்சது, நாலு நாளும் அடுப்படியில இருந்து அக்கா திட்டிக்கிட்டே பஜ்ஜி போட்டுக் கொடுத்துட்டு இருந்துச்சு.

பையன் போன்ல ஆடறவன். அவனுக்கு கேம்னா கட்டைவிரல் போற பக்கம் ஆளும் போகணும். நான் வேணும்னே அவனுக்கு முதல் பாகத்தைப் போட்டுக் கொடுத்தேன், 2024 பிப்ரவரில வந்த ரீமாஸ்டர், அதாவது பழசுக்கே புது கிராபிக்ஸ் போட்டு விட்டது, அதுலயும் டேங்க் கண்ட்ரோலை வெச்சு. அஞ்சு நிமிஷம் சுவத்துல முட்டிக்கிட்டே இருந்தான். அப்புறம் கேட்டான், "மாமா, இந்த அக்கா ஏன் சொன்ன பேச்சே கேக்க மாட்டேங்குது?"

கேக்கும்டா, நீ சொல்ற விதம் தப்பு.

டேங்க் கண்ட்ரோல்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: மேல் அம்புக்குறியை அமுக்கினா லாரா தன் மூஞ்சி எந்தப் பக்கம் பார்த்திருக்கோ அந்தப் பக்கம் ஓடுவா, திரையில மேல்பக்கம் எதுன்னு அவளுக்குக் கவலையே இல்ல. இடது வலதுன்னா நின்ன இடத்துலயே திரும்புவா. கீழ்ன்னா பின்னாடி ஒரு எட்டு குதிப்பா. சேலம் லீ பஜார் சந்துக்குள்ள மூட்டை ஏத்தின லாரியை ரிவர்ஸ் எடுக்கற டிரைவர் இருக்காரே, அவர் எப்படி யோசிப்பாரோ அப்படி யோசிக்கணும், வண்டி எங்க பார்த்திருக்குங்கறதுதான் கணக்கு, நீங்க எங்க இருந்து பார்க்கறீங்கங்கறது கணக்கே இல்ல. முதல் ஒரு மணி நேரம் எரிச்சலா இருக்கும், அதுல பொய் சொல்ல மாட்டேன்.

ஆனா இதுக்குள்ள ஒரு விஷயம் ஒளிஞ்சிருக்கு, அது புரிஞ்சிட்டா இந்த பழைய கேமை யாராலயும் கையில இருந்து பிடுங்க முடியாது. பழைய லெவல் மொத்தமும் கட்டம் கட்டமா கட்டினது. தாயக்கட்டம் போட்ட தரை மாதிரி நினைச்சுக்கங்க. நின்ன இடத்துல இருந்து தாவினா ஒரு கட்டம் அகலப் பள்ளத்தைத் தாண்டுவா, ஓடி வந்து தாவினா ரெண்டு கட்டம், ஓடித் தாவி காத்துலயே ஆக்‌ஷன் பட்டனைப் பிடிச்சுக்கிட்டே இருந்தா மூணு கட்டம் தள்ளி இருக்கற விளிம்பைக் கையால பிடிச்சுத் தொங்குவா. இந்த அளவு கேம் முழுக்க மாறவே மாறாது. அதனால பள்ளத்துக்கு முன்னாடி நின்னு எண்ணினா போதும், போகுமா போகாதான்னு தாவறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிடும்.

அந்த ஓடித் தாவறதுக்கு ஒரு முறை இருக்கு, பையனுக்கு அதை சொல்லிக்கொடுக்கத்தான் முதல் நாள் முழுக்க போச்சு. ஷிஃப்ட்டை அமுக்கிக்கிட்டு மெதுவா நடந்து ஓரத்துக்குப் போ, ஷிஃப்ட்டுல இருக்கற வரைக்கும் லாரா விழவே மாட்டா, ஓரம் வந்தா தானா நின்னுக்குவா. இப்ப ஷிஃப்ட்டை விடு. கீழ் அம்புக்குறியை ஒரே ஒரு தட்டு, பின்னாடி ஒரு எட்டு குதிப்பா. இப்ப மேல் அம்புக்குறியை அமுக்கி உடனே ஜம்ப்பையும் அமுக்கிப் பிடிச்சுக்கோ. அமுக்கின உடனே தாவ மாட்டா, ஓடி வந்து சரியா அந்த ஓரத்துல கால் வெச்சு எழும்புவா. காத்துல இருக்கும்போது ஆக்‌ஷன். அவ்ளோதான்.

அவன் பதினாலு தடவை விழுந்தான், எண்ணினேன். பெரும்பாலும் ஜம்ப்பை லேட்டா அமுக்கறான், சில தடவை ஆக்‌ஷனைப் பிடிக்க மறந்துடறான், லாரா சுவத்துல மோதி கீழ போய்க்கிட்டே கத்துவா. பதினஞ்சாவது தடவை பிடிச்சிட்டா. பையன் கட்டில்ல இருந்து எந்திரிச்சே நின்னுட்டான். இதை நான் எதுக்கு இவ்ளோ நீட்டி சொல்றேன்னா, பின்னாடி வர்ற கேம் எதுலயுமே வெறும் ஒரு பள்ளத்தைத் தாண்டினதுக்கு அவன் எந்திரிச்சு நிக்கல.

இப்ப என் கதை கொஞ்சம். நான் முதல்ல ஆடினது ரெண்டாவது பாகம், 1997ல வந்தது, எங்க கைக்குக் கிடைக்கும்போது 2001 ஆயிடுச்சு, சேலம் அஞ்சு ரோடு பக்கத்துல ஒரு கம்ப்யூட்டர் சென்டர்ல. மணிக்கணக்குல காசு, அதனால ரெண்டு பேர் பங்கு போட்டு ஒருத்தன் அம்புக்குறி, ஒருத்தன் கன்ட்ரோல் ஆல்ட் ஸ்பேஸ்னு பிரிச்சு ஆடுவோம், நம்ப மாட்டீங்க, அப்படியே வெனிஸ் வரைக்கும் போயிருக்கோம். வெளிய தள்ளுவண்டியில தட்டுவடை செட் வாங்கி தின்னுட்டு அதே கையோட வந்து உக்காந்தா அந்த எண்டு கீ எண்ணெய்ல மினுமினுங்கும். எண்டு கீதான் லாரா உருண்டு திரும்பறதுக்கு. இப்ப லேப்டாப்புல எண்டு கீயைத் தேடறதே ஒரு புதையல் வேட்டை.

இன்னொரு வேடிக்கை, அந்த சென்டர்ல இருந்தது எங்கிருந்தோ வந்த காப்பி சிடி, ஒரிஜினல்ல பாட்டு எல்லாம் ஆடியோ சிடி மாதிரி தனி டிராக்கா இருக்கும், காப்பியில அது வராது. அதனால இந்த கேம்ல காலடி சத்தமும் புலி உறுமலும் மட்டும்தான்னு இருபது வருஷத்துக்கு மேல நம்பிக்கிட்டு இருந்தேன். ரீமாஸ்டர்ல சீனப் பெருஞ்சுவர் லெவல்ல திடீர்னு மியூசிக் எழும்பினப்ப ஏதோ வேற ஆப் திறந்திருச்சு போலன்னு டாஸ்க் மேனேஜரைத் தேடினேன்.

ரெண்டாவது பாகத்துல கண்ட்ரோல்ல கூட்டினது கொஞ்சம்தான், ஆனா எல்லாம் உருப்படியானது. காத்துல இருக்கும்போதே உடம்பைத் திருப்பிக்கலாம், சுவத்துல ஏணி மாதிரி ஏறலாம், இருட்டுக்கு ஃப்ளேர் கொளுத்தலாம், படகு ஓட்டலாம், பனியில ஸ்னோமொபைல் ஓட்டலாம். சண்டையும் அப்படித்தான், துப்பாக்கியை உருவினா லாரா தானா குறி வெச்சுக்குவா, குறி பார்க்கறது உங்க வேலை இல்ல, சுடும்போது இடம் வலம்னு தாவிக்கிட்டே உயிரைக் காப்பாத்தறதுதான் உங்க வேலை. சண்டையும் தாவலும் ஒரே பாஷையில இருக்கு பாருங்க, அதுதான் அழகு. என்னைக் கேட்டா பழைய அஞ்சுல கைக்கு ரொம்ப பழக்கமா இருக்கறது இதுதான். அப்புறம் வீட்டுல அந்தப் பெரியவர் பட்லர் டீ தட்டோட லொடலொடன்னு பின்னாடியே வருவார், அவரை கூட்டிட்டுப் போய் குளிரூட்டற ரூமுக்குள்ள விட்டு கதவை சாத்தறது. பையனுக்கு நான் சொல்லியே கொடுக்கல, அவனா கண்டுபிடிச்சான். ரத்தத்துல வர்றது போல.

மூணாவது பாகம் 1998. இதுல குனிஞ்சு தவழலாம், மேல கம்பியைப் பிடிச்சு குரங்கு மாதிரி தொங்கிக்கிட்டே போகலாம், கொஞ்ச தூரம் வேகமா ஓடலாம். தவழறதுன்னா சேர்வராயன் கோயில் குகைக்குள்ள தலை இடிக்காம உடம்பை மடக்கி போவோமே அந்த அவஸ்தை அப்படியே. முதல் லெவலே நம்ம இந்தியக் காடு, அங்க குரங்குங்க இருக்கும், தரையில கிடக்கற பொருளை நாம எடுக்கறதுக்குள்ள அதுங்க எடுத்துட்டு ஓடிடும். பையன் பார்த்துட்டு "ஏற்காட்டு ரோட்டுலயே எடுத்துட்டாங்களா மாமா"ன்னான், போன மாசம்தான் கொண்டை ஊசி வளைவுல நிறுத்தி போட்டோ எடுக்கும்போது அவன் சிப்ஸ் பாக்கெட் போச்சு. ஆறு கை வெச்ச சிலை ஒண்ணு உயிரோட வந்து கத்தியை வீசும், கத்தியால மறைச்சுக்கிட்டு நிக்கும்போது சுட்டா குண்டுதான் வேஸ்ட். நல்லா இருக்கு, ஆனா கேம் மொத்தமா ரொம்ப கொடூரம். காலடியில திடீர்னு பள்ளம், முதுகுக்குப் பின்னாடி பாறைன்னு செத்து செத்துதான் கத்துக்கணும். கயாக் ஓட்டற இடம் ஒண்ணு வரும், துடுப்பு கண்ட்ரோல், அதுல நான் லேப்டாப்பை மூடி வெச்சுட்டு போய் மழையைப் பார்த்தேன்.

சேவ் பத்தி இங்கயே சொல்லிடறேன், ஏன்னா நம்ம ஊருக்கு இது கண்ட்ரோலை விட முக்கியம். பிளேஸ்டேஷன்ல முதல் பாகத்துக்கு அங்கங்க நீலக் கல்லு வெச்சிருப்பாங்க, அதைத் தொட்டாதான் சேவ் ஆகும், கம்ப்யூட்டர்ல எங்க வேணா சேவ் பண்ணலாம். ரெண்டாவதுல ரெண்டுலயும் எங்க வேணா பண்ணலாம். மூணாவதுல பிளேஸ்டேஷனுக்கு மறுபடி கல்லு, அதுவும் பொறுக்கி பையில போட்டுக்கற கல்லு, கம்ப்யூட்டர்ல அதே கல்லைத் தொட்டா உயிர்தான் ஏறும். கரண்ட் எப்ப போகும்னு தெரியாத ஊர்ல வளர்ந்தவனுக்கு சேவ் பண்ற எஃப்5 கீ சாமி மாதிரி. ஒவ்வொரு தாவலுக்கும் முன்னாடி ஒரு எஃப்5, பின்னாடி ஒரு எஃப்5, கரண்ட் போற நேரம் தெரிஞ்சா இன்னொண்ணு. புது கேம்ல எல்லாம் தானா சேவ் ஆகுது, 2013 பாகம் வந்தப்ப சேலத்துல கரண்ட் இருந்த நேரத்தை விட இல்லாத நேரம்தான் ஞாபகம் இருக்கு, அப்ப இந்த ஆட்டோ சேவ் மட்டும் இல்லன்னா அந்த கதை நடக்கற தீவை விட்டே நான் வந்திருக்க மாட்டேன்.

நாலாவது, த லாஸ்ட் ரெவலேஷன், 1999. கம்போடியாவுல சின்ன வயசு லாராவோட ஆரம்பிச்சு அப்புறம் முழுக்க எகிப்து. கயிறைப் பிடிச்சு ஊஞ்சலாடித் தாவறது இதுல வந்தது, வந்திருக்கவே வேண்டாம். கயிறுல தொங்கிக்கிட்டு எந்தப் பக்கம் பார்த்து தொங்கறோம்னு திருப்பி திருப்பி சரி பண்றதுக்குள்ள ஆடற ஆசையே போயிடும். ஆனா லெவல்களுக்கு நடுவுல போய் வந்து புதிர் போடற விதம் வரிசையிலயே இதுதான் கெட்டி, பொருளோட பொருளை சேர்த்து புது பொருள் ஆக்கறதெல்லாம் உண்டு. அஞ்சாவது, க்ரானிகிள்ஸ், 2000. அது வந்துச்சு, போச்சு.

ஆறாவதுக்கு வருவோம். ஏஞ்சல் ஆஃப் டார்க்னஸ், 2003. இதை எப்படி மரியாதையா சொல்றதுன்னு தெரியல. பட்டனை அமுக்கினா லாரா கொஞ்சம் யோசிச்சுட்டுதான் நகருவா. அரசாங்க ஆபீஸ்ல மனு கொடுத்த மாதிரி, வாங்கிக்கிட்டாங்க, எப்ப நடக்கும்னு தெரியாது. பழைய கட்டக் கணக்கும் கைவிட்டுப் போச்சு, புது கேம் மாதிரி விட்ட பக்கம் ஓடற லாவகமும் வரல, ரெண்டுங்கெட்டான். இதுக்கு மேல தொங்கறதுக்கு ஒரு பிடி மீட்டர் வேற, அது தீர்ந்தா கை விட்டுடுவா. பலம் வேணும்னா எதையாவது தள்ளணும் இழுக்கணும், தள்ளினதும் "எனக்கு இப்ப பலம் கூடிருச்சு"ன்னு இங்கிலீஷ்ல அவளே சொல்லிக்குவா, உடனே முன்னாடி திறக்காத கதவு திறக்கும். பையன் இதைக் கேட்டு உருண்டு உருண்டு சிரிச்சான், அப்புறம் நாலு நாளும் அக்கா தண்ணிக் குடத்தைத் தூக்கச் சொன்னா அந்த வசனத்தையே சொல்லிட்டு இருந்தான். பாரிஸ் ராத்திரி, அந்த இருட்டு மூடு எல்லாம் நல்லாதான் இருக்கு, அதுதான் வயித்தெரிச்சல். இதுக்கப்புறம் இந்த வரிசையை ஆரம்பிச்ச டெர்பி ஊரு கோர் டிசைன் கையில இருந்து பிடுங்கி அமெரிக்காவுல கிறிஸ்டல் டைனமிக்ஸ் கிட்ட கொடுத்துட்டாங்க. 2025 பிப்ரவரில நாலு, அஞ்சு, ஆறு மூணையும் சேர்த்து ரீமாஸ்டர் போட்டாங்க, அதுல ஆறாவதோட கண்ட்ரோலை நிறைய சரி பண்ணிருக்காங்க. இருந்தாலும் படிக்கட்டு மேல நேரா ஏறறதுக்கே ஒரு பயிற்சி வேணும்.

இப்ப நடுசு. லெஜெண்ட் 2006, ஆனிவர்சரி 2007, அண்டர்வேர்ல்டு 2008. இதுல கண்ட்ரோலர் ஸ்டிக்கை எந்தப் பக்கம் தள்ளறோமோ லாரா அந்தப் பக்கம் ஓடறா. பையன் முகம் மலர்ந்துச்சு. கட்டம் போச்சு, அதுக்குப் பதிலா கம்பியில சுத்தறது, தூண் மேல தாவறது, இடுப்புல இருந்து கொக்கிக் கயிறை வீசி எதையாவது இழுக்கறதுன்னு ஒரே ஓட்டமா போகும். ஆனா முழுசா விட்டுக் கொடுக்கல, அதுதான் எனக்குப் பிடிச்சது: தூரமா தாவினா சில சமயம் ஒத்தைக் கையில தொங்குவா, அந்த நொடியில நீங்க ஒரு பட்டனை அமுக்கலைன்னா விழுந்துடுவா. சின்ன விஷயம்தான், ஆனா கண்ணை எடுக்க விடாது. அக்கா பஜ்ஜி தட்டை நீட்டும்போது பையன் திரும்பினான், லாரா போயிட்டா.

ஆனிவர்சரிங்கறது முதல் பாகத்தையே புதுசா கட்டினது, அதனால ஒரே இடத்தை ரெண்டு கண்ட்ரோல்ல ஆடிப் பார்க்கலாம், ஒப்பிட்டுப் பார்க்க இதை விட வசதி கிடையாது. கிரீஸ்ல செயிண்ட் ஃபிரான்சிஸ் ஃபாலின்னு ஒரு லெவல், பெரிய கிணறு மாதிரி ஆழமான கோபுரம், அதுல இறங்கி இறங்கி நாலு பழங்கதைப் பேர் போட்ட கதவைத் திறக்கணும். 1996ல அந்த பேருங்க நெப்டியூன், அட்லஸ், டமோக்ளிஸ், தோர். கிரீஸ்ல தோர் எங்கடா வந்தாருன்னு யாரோ கேட்டிருப்பாங்க போல, 2007ல தோருக்கு பதில் ஹெஃபெஸ்டஸ், நெப்டியூனுக்கு பதில் பொசைடன்னு மாத்திட்டாங்க. பழசுல இந்த கிணத்துல இறங்கறதுன்னா விளிம்புல திரும்பி நின்னு, பின்னாடி குதிச்சு, கையால பிடிச்சு தொங்கி, கீழ திட்டு இருக்கான்னு எட்டிப் பார்த்து, கையை விடறது. ஒவ்வொரு திட்டுக்கும் வயித்துல ஒரு பிசை. புதுசுல அதே கிணத்துல கம்பி, தூண், கொக்கின்னு வழி போட்டு வெச்சிருக்கு, தாளத்தோட போயிடலாம், நடனம் மாதிரி இருக்கு, விழுந்தா மறுபடி ஆரம்பிக்க பக்கத்துலயே ஒரு செக்பாயிண்ட். ஆடறதுக்கு புதுசுதான் சுகம், ஒத்துக்கறேன். ஆனா மறுநாள் காலைல கண்ணை மூடினா எனக்கு ஞாபகம் வந்தது பழைய கிணறுதான், எந்தத் திட்டு எந்தப் பக்கம்னு வரைஞ்சே காட்டுவேன். புதுசுல எப்படி இறங்கினேன்னு கேட்டா தெரியாது, இறங்கிட்டேன்.

அண்டர்வேர்ல்டுல அசைவு இன்னும் அழகு, கேமரா இன்னும் மோசம். சுவத்து மூலையில நின்னா கேமரா போய் லாரா முடிக்குள்ள பூந்துக்கும். விட்டுடலாம்.

புதுசு மூணு: 2013ல டூம் ரைடர், 2015ல ரைஸ், 2018ல ஷேடோ. இது வேற கேம்னே சொல்லலாம். வில்லு, கோடாலி, மறைஞ்சு சுடறது, மான் அடிச்சு தோல் உரிச்சு பை தைக்கறது, நெருப்பு பக்கத்துல உக்காந்து புது வித்தை கத்துக்கறது. கைக்கு வெண்ணெய் மாதிரி இருக்கு. சண்டைன்னா எந்த சந்தேகமும் இல்ல, இந்த மூணுதான் டாப்பு, எதிரி இருக்கற இடம் வந்தா லாரா தானா குனிஞ்சுக்குவா, மறைவு பட்டன்னு ஒண்ணு தனியா கிடையாது, வில்லை இழுத்துப் பிடிச்சு விடற அந்த இழுவை கையிலயே தெரியும். ரைஸ்ல கோடாலியில கயிறு கட்டி வீசறது, சுவத்துல அம்பு அடிச்சு அதைப் பிடிச்சு ஏறறதுன்னு தாவறதுக்கும் நிறைய சேர்த்தாங்க.

ஆனா தாவல்? இங்கதான் என் குறை. விளிம்பு இருக்கற பக்கம் குத்துமதிப்பா தாவினா போதும், காந்தம் மாதிரி லாராவே இழுத்துட்டுப் போய் பிடிச்சுக்குவா. ஏற வேண்டிய பாறையில எல்லாம் வெள்ளை பூசி வெச்சிருக்காங்க, அதுக்கு மேல ஒரு பட்டனை அமுக்கினா வழி மஞ்சளா மின்னும். எண்ணறதுக்கு எதுவும் இல்ல, அளக்கறதுக்கு எதுவும் இல்ல. கியர் பைக்ல ஏற்காடு ஏறறவன் எந்த வளைவுல ரெண்டாவது கியர், எந்த வளைவுல முதல் கியர்னு மனசுல ஒரு கணக்கு வெச்சிருப்பான், பஸ்ல ஜன்னல் சீட்டுல ஏறறவனுக்கு காட்சி நல்லா தெரியும். 2013ல ஆடும்போது எனக்கு ஜன்னல் சீட்டு ஞாபகம்தான் வந்துச்சு. பாலம் உடையும், விமானம் சரியும், லாரா கத்துவா, நான் ஸ்டிக்கை முன்னாடி தள்ளிப் பிடிச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருப்பேன். திடீர்னு ஒரு பட்டன் படம் திரையில வரும், அமுக்கலைன்னா கோரமா சாவு. ஆத்துல அடிச்சுட்டு போற இடத்துல கம்பி கழுத்துல குத்தற மாதிரி ஒண்ணு வரும், சரியா அந்த நேரம் அக்கா உள்ள வந்துச்சு, "இதைத்தான் மாமனும் மருமகனும் நாலு நாளா பார்க்கறீங்களா"ன்னு கேட்டுட்டு லேப்டாப்பை மூடிடுச்சு. அன்னிக்கு மிச்ச நேரம் பல்லாங்குழி.

நியாயமா ஒண்ணு சொல்லணும், ஷேடோவுல இதுக்கு மருந்து வெச்சிருக்காங்க. சண்டைக்கு, புதிருக்கு, சுத்தறதுக்குன்னு கஷ்டத்தை தனித்தனியா வெச்சுக்கலாம். சுத்தறதை கஷ்டத்துல போட்டா அந்த வெள்ளை பூச்சு போயிடும், பாறையைப் பாறையா பார்த்து வழி தேடணும். கேமே மாறிடுது. பெரு காட்டுல ஒரு சுவத்துக்கு முன்னாடி பத்து நிமிஷம் நின்னு கண்ணால வழி தேடினேன், கிடைச்சதும் வந்த சந்தோஷம் பழைய சந்தோஷம். தாவினா மட்டும் இன்னும் காந்தம்தான். புதிர் குகைங்களும் இதுலதான் பெருசு, 2013ல இருந்தது எல்லாம் ஒரு ரூம் அளவு, அதுவும் போனா போ போகாட்டி போங்கற மாதிரி ஓரத்துல இருக்கும், பேருக்கே டூம் ரைடர்னு வெச்சுட்டு கல்லறையை ஓரங்கட்டினா எப்படி.

ரீமாஸ்டர் வாங்கலாமான்னு கேக்கறவங்களுக்கு. முதல் மூணு சேர்ந்த தொகுப்பு கண்டிப்பா வாங்கலாம், தள்ளுபடி வரும்போது வாங்கினா இன்னும் நல்லது. ஒரு பட்டனைத் தட்டினா அந்த நிமிஷமே பழைய கிராபிக்ஸுக்கும் புதுசுக்கும் மாறிக்கலாம், புது வெளிச்சத்துல சில இடம் ரொம்ப இருட்டு, சாவி எங்க கிடக்குன்னே தெரியாது, அப்ப பழசுக்கு மாத்தினா பளிச்சுன்னு தெரியும், நான் அதை டார்ச் மாதிரிதான் பயன்படுத்தினேன். மாடர்ன் கண்ட்ரோல்னு ஒண்ணு கொடுத்திருக்காங்க, கேமரா பார்க்கற பக்கம் ஓடற மாதிரி. சமதரையில சுத்த, தண்ணியில நீந்த அது வசதி. ஆனா லெவல் அதே கட்டம்தானே, ஓரத்துல நின்னு பின்னாடி ஒரு எட்டு எடுத்து அளந்து தாவறதுங்கற அந்த முறையே எனக்கு அதுல கைக்கு வரல, கோணலா ஓடி கோணலா விழறா. பையனும் முதல்ல மாடர்னுக்கு மாத்திக்கிட்டான், ரெண்டு மணி நேரம் கழிச்சு என்கிட்ட கேக்காமலே டேங்குக்கு திரும்பிட்டான். நான் ஒண்ணும் சொல்லல, பஜ்ஜியை எடுத்துக்கிட்டேன்.

யாருக்கு எதுன்னா, சண்டை பிடிக்கும், சினிமா மாதிரி ஓடணும்னா ரைஸ். வேலை முடிஞ்சு வந்து ஒரு மணி நேரம் கையை வலிக்காம ஆடணும்னா ஆனிவர்சரி. பொறுமை இருக்கு, விழுந்தா யார் மேலயும் பழி போடாம மறுபடி ஏறுவேன்னா ரெண்டாவது பாகம், டேங்க் கண்ட்ரோல். ஆறாவது, சிரிக்கறதுக்கு ரெண்டு மூணு பேர் கூட இருந்தா மட்டும்.

கடைசியா ஒரு வேலை, கீபோர்டுல ஆடறவங்க கேமைத் திறக்கறதுக்கு முன்னாடியே விண்டோஸ்ல ஸ்டிக்கி கீஸை ஆஃப் பண்ணிடுங்க. ஓரத்துல நின்னுக்கிட்டு ஷிஃப்ட்டை அஞ்சு தடவை தட்டினா அந்த பெட்டி டொய்ங்னு எழும்பி நடுவுல நிக்கும், அதை மூடிட்டு வர்றதுக்குள்ள லாரா கிணத்துக்கு அடியில இருப்பா.